ஒரு தட்டு என்றால் பாஸ்

ஒரு தட்டு என்றால் பாஸ். இரண்டு தட்டு என்றால் ஆல்ட்ரேஷன், தைத்தவரிடமே திரும்பிப் போகும். மூன்று தட்டு என்றால் கழிவு.

எங்கள் பனியன் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். தைத்து வந்ததைப் பார்க்கும்போது செக்கிங் அக்கா வாயைத் திறக்க மாட்டார். நூல் வெட்டும் சின்னக் கத்தரியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் மேசையில் தட்டுவார். தமிழ் டெய்லருக்கும் புரியும், பீகார் டெய்லருக்கும் புரியும்.

பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எழுதவில்லை.

சேலைக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார். அவரே மூன்று தட்டுத் தட்டிக் கழித்த சட்டை அது. பாக்கெட் அரை விரல் கோணல். ஏன் அதைப் போய்ப் போடுகிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

"கோணல் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. அதனால உறுத்தாது" என்றார்.

நான் மங்கலத்துக்காரன். பதினெட்டு வருசம் விசைத்தறி ஓட்டினேன். தறி என் காதைத் தின்றுவிட்டது. முழுக்க இல்லை. முக்கால்வாசி. தறிக் குடோனில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. வாய் அசைவதைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

தறியை விட்டுவிட்டு இந்தக் கம்பெனிக்கு இஸ்திரி வேலைக்கு வந்தேன். மேனேஜர் வேலைக்கு எடுக்கும்போது குனிந்து எதையோ எழுதிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். வாய் தெரியவில்லை. தலையாட்டினேன். வேலை கிடைத்தது. காது, கண் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாராம். பிறகுதான் தெரிந்தது. பிறகு சொல்ல முடியவில்லை. ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள். நான் தேய்த்த சட்டை பக்கத்து மேசைக்குப் போனது. கடைசிப் பார்வை அக்காவுடையது. என் மேசையும் அவர் மேசையும் ஒட்டிக் கிடந்தன. நான் அடுத்த சட்டையைப் பலகையில் விரித்தேன். உள்ளங்கைக்குக் கீழே மேசை மூன்று முறை துள்ளியது.

திரும்பினேன். அக்கா சட்டையைத் தூக்கிக் காட்டினார். காலரில் பளபளப்பு. சூடு அதிகம்.

அவர் என்னையே பார்த்தார். சட்டையைக் கீழே வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார் போலிருக்கிறது. நான் அசையவில்லை. பிறகு மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். நான் திரும்பினேன்.

அவ்வளவுதான். கண்டுபிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மேசையில் தட்டுவார். பேச வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று பேசுவார். "ஏனுங்க மங்கலத்தாரே" என்பார். அவருக்குக் கணியூர். ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் மரியாதை என்பது அவர் பக்கத்துப் பழக்கம்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு. "பெழ கண்ணுல படற எடம் வேறீங்க. பொறக்கற எடம் வேற."

ஒரு தடவை சபிதா தைத்த பண்டல் முழுக்கத் தையல் ஓரத்தில் பொடிப்பொடி ஓட்டை. சபிதா ஒடிசாக்காரி. ஓவர்லாக் டெய்லர். லைன் சூப்பர்வைசர் அவளைப் பிடித்துக் கத்தினான். மழுங்கின ஊசியை மாற்றவில்லை என்றான். அவள் ஊசியைக் கழற்றிக் காட்டினாள். "புது ஊசி அண்ணா, இன்னைக்கி போட்ட ஊசி" என்றாள். அவன் கேட்கவில்லை.

அக்கா வந்தார். ஊசியைப் பார்க்கவில்லை. துணியை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"துணி வறண்டு கெடக்குதுங்க. சாயப்பட்டறையில சாஃப்ட்னர் உடாம அனுப்பிட்டாங்க. எந்த ஊசி குத்துனாலும் கிழியும்."

சூப்பர்வைசர், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், லோடு நிக்குது" என்றான்.

அக்கா கம்பெனி வண்டியில் பின்னால் உட்கார்ந்து வெயிலோடு சாயப்பட்டறைக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தார். சாஃப்ட்னர் விட்டு வேறு துணி வந்தது. சபிதா அதே ஊசியில் தைத்தாள். ஒரு ஓட்டை இல்லை. அக்கா ஒரு தட்டுத் தட்டினார். சூப்பர்வைசர் இருக்கும் பக்கம் திரும்பிக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

டீக்கடையிலும் இப்படித்தான். டம்ளரில் இரண்டு தட்டு. கடைக்காரர் வேறு டீ போட்டுக் கொடுத்தார். அதற்கும் இரண்டு தட்டு.

"பால்காரர மாத்துனீங்களா?"

அடுத்த நாள் பழைய பால்காரர் சைக்கிள் கடை முன்னால் நின்றது.

பயமாகவும் இருக்கும். அவர் பார்க்கும்போது நம் உடம்பிலும் எங்கோ தையல் விட்டிருப்பதாகத் தோன்றும்.

அந்த வருசம் ஓனரின் உடன்பிறந்த அக்கா மகன் கம்பெனிக்கு வந்தான். சென்னையில் இருந்தவன். நாங்கள் 'தம்பி' என்போம். தொழிலுக்கு வராமல் இசை படித்தவன். சொந்தக்காரர்கள் அவனை 'கொட்டடிக்கப் படிச்சவன்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவன் காதில் விழும்படியே சொல்வார்கள். ஒரு வாரம் மைக்கை வைத்துக்கொண்டு கட்டிங், ஓவர்லாக், பேக்கிங் என்று சுற்றினான். பிறகு சொன்னான். தாளக் குழுவுக்கு ஒரு புது இசை எழுதியிருக்கிறானாம். தவில் கிடையாது, மிருதங்கம் கிடையாது. கம்பெனிச் சாமான்தான் வாத்தியம். பெயர் 'ஒன்றரை ஷிப்ட்'; எங்கள் ஒரு நாள் வேலை அவ்வளவு. கோயமுத்தூரில் ஒரு அரங்கத்தில் வாசிக்க வேண்டும். எங்களில் ஒன்பது பேர் வேண்டும்.

கட்டிங் மாஸ்டர் செல்வராசு, "ஏன் சாமி, சாமானத்தப் போட்டு அடிக்கறதுக்கு ஒத்திகையா? எங்கூட்டுல தெனமும் நடக்குதுங்களே" என்றார்.

ஆனாலும் முதல் பேராகச் சேர்ந்தவர் அவர்தான். இரும்பு ஸ்கேலும் பெரிய கத்தரியும் அவருக்கு. சபிதாவுக்குப் பட்டன் டப்பா. பேக்கிங் பசங்கள் இரண்டு பேருக்கு அட்டைப்பெட்டியும் டேப்பும். டேப்பை இழுத்தால் கிழிகிற சத்தம் வருமாம். துணி பின்னும் நிட்டிங்கிலிருந்து இரண்டு பேர் காலி நூல் கோன்களை வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு நீல பேரல். அக்காவுக்கு அவருடைய கத்தரியும் மேசையும்.

எனக்கு ஆவி. இஸ்திரிப் பெட்டியில் நான்கு இடத்தில் ஆவி விட வேண்டும். அவ்வளவுதான். நான் பேசாதவன் என்பதால் சின்ன வேலையாகக் கொடுத்தான் என்று நினைத்தேன்.

தம்பி கொடுத்த காகிதத்தில் கோடும் புள்ளியும். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று நாள் பார்த்தார் அக்கா. நான்காம் நாள் செக்கிங் ஷீட் ஒரு கட்டு எடுத்து வந்தார்.

"கண்ணு, இதுல எழுதுங்க. கட்டம் இருக்குது. ஆளுக்கு ஒரு வரி. அடிக்கற கட்டத்துல டிக் போடுங்க. இத நாங்க தெனமும் படிக்கறம்."

தம்பி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். அன்றைக்கே பாதி இசை வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை. குடோனில் நடக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங். எல்லா மிசினும் நின்றாலும் அது நிற்காது. இது முக்கியம். அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் வாசித்து முடிப்போம். அக்கா இரண்டு தட்டுவார். தம்பி தலையில் கை வைத்துக்கொள்வான். ஒரு நாள் கேட்டுவிட்டான்.

"அக்கா, இது நான் எழுதினது. நீங்க என்னக்கா ஆல்ட்ரேஷன் போடறீங்க?"

"கடைசியில எல்லாரும் ஒண்ணாச் சேந்து அடிச்சு நிறுத்தறமுங்களே. எந்தக் கம்பெனியில கண்ணு எல்லா மிசினும் ஒண்ணா நிக்கும்? கட்டிங் மொதல்ல நிக்கும். அப்பறம் டெய்லருங்க ஒவ்வொருத்தரா எந்திரிப்பாங்க. பேக்கிங் நிக்கும். நான் கத்தரிய வெப்பேன். கடைசியா மங்கலத்தாரு மிச்சமிருக்கற ஆவிய உட்டுட்டுப் பொட்டிய நிமித்தி வெப்பாரு. அப்பத்தான் ஷிப்ட் முடியும்."

தம்பி கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டான். புதிதாக எழுதினான். இப்போது இசை என் ஆவியில் முடிந்தது.

அன்றும் அக்கா இரண்டுதான் தட்டினார்.

அந்த நாளும் வந்தது. கம்பெனி வண்டியில் மேசைகளை ஏற்றினோம். ஆவிக்குச் சின்ன பாய்லர். ஆள் கூட்டிவரும் பஸ்ஸில் எங்கள் குடும்பங்கள் சாயந்திரம் வருவதாக ஏற்பாடு. என் மனைவி புதுச் சேலை எடுத்திருந்தாள். எனக்கு ஒன்றும் எடுக்கவில்லை. கம்பெனி டீசர்ட் ஒன்பது பேருக்கும் தைத்திருந்தார்கள். அக்கா அதை நான்கு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்.

மதியம் மேடையில் ஒரு முறை வாசித்துப் பார்த்தோம்.

கெட்டுப்போனது.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பேரல் தாளம் ஒரு பக்கம் ஓடியது. கோன் ஒரு பக்கம் ஓடியது. செல்வராசு பேரலைப் பார்த்து முறைத்தார். பேரல் செல்வராசுவை முறைத்தது. சபிதா பாதியில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். எப்படியோ முடித்தார்கள். எல்லோரும் நின்ற பிறகு, வெகுநேரம் கழித்து, என் ஆவி மட்டும் தனியாகப் போனது.

மேடைப் பொறுப்பில் இருந்த அம்மா தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் வாய் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று வேறு இசை வாசிக்கச் சென்னையிலிருந்து பழகின ஆட்கள் வந்திருந்தார்கள். தாளைக் கொடுத்தால் அவர்களே வாசித்துவிடுவார்களாம். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்க முன் வரிசையில உக்காந்து பாருங்க. உங்களைப் பத்தின இசைதானே?"

செல்வராசு மெதுவாகச் சொன்னார். "மாப்பளைய பந்தியில உக்கார வெச்சுட்டு வேற ஆளு தாலி கட்டறானாமா."

யாரும் சிரிக்கவில்லை. பஸ் கிளம்பியிருக்கும். சபிதாவின் வீட்டுக்காரன் ஊரில் இருக்கிற மாமியார் வரைக்கும் போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தான்.

தம்பி வந்தான். முகம் செத்திருந்தது. யாரையாவது ஒருவரைச் சொல்ல வேண்டும் போலிருந்தது அவனுக்கு. என்னைப் பார்த்தான்.

"அண்ணா, நீங்க ரொம்ப லேட்டுண்ணா."

என் மேசையிலேயே கத்தரி விழுந்தது. உள்ளங்கையில் இரண்டு தட்டு.

"லேட்டு இல்லீங்க கண்ணு" என்றார் அக்கா. "அவரு சரியான கட்டத்துலதான் ஆவிய உட்டாரு. நாம எட்டுப் பேரும் முன்னாலயே ஓடி முடிச்சுட்டம். என்ற கத்தரியே மூணாவது ஷீட்டுல தடுமாறிப்போச்சு."

"எப்படிக்கா? குடோன்ல நல்லா வந்துச்சே."

"பெழ கண்ணுல படற எடம் வேறீங்க. சித்தெ இருங்க."

கண்ணை மூடிக்கொண்டார். அன்று துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றது போலவே நின்றார். அரங்கம் அமைதியாக இருந்ததாம். எனக்கு எப்போதும் அப்படித்தான்.

கண்ணைத் திறந்தார். "இங்க ஒண்ணுமே கேக்கல பாத்தீங்களா? குடோன்ல செவுத்துக்கு அக்கட்ட நிட்டிங் மிசினு ஓடிட்டே இருந்துச்சு. நாம அது மேல சாஞ்சுட்டு அடிச்சிருக்கறம். இங்க சாய எடமில்ல. உளுந்துட்டம்."

தம்பி வாயைப் பிளந்தான். உடனே போனை எடுத்தான். "மெஷின் சத்தம் ரெக்கார்டு இருக்குக்கா. ஸ்பீக்கர்ல போட்டுட்டா..."

இரண்டு தட்டு. "அத்தன பேரு முன்னால போன்ல மிசினு ஓட்டறதுக்கா இவ்வளவு தூரம் வந்தம்?"

"அப்ப இவர் மட்டும் எப்படிக்கா தப்பாம இருந்தாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜரும் அங்கேதான் நின்றிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லாவிட்டால் முன் வரிசையில் உட்கார வேண்டியதுதான். சொன்னால் திங்கட்கிழமை வேலை இருக்குமா தெரியாது.

சொன்னேன்.

"எனக்குக் காது சரியாக் கேக்காதுங்க. தறியில போயிருச்சு. அந்த மிசினு சத்தம் எனக்குக் குடோன்லயும் கேக்கலீங்க. நான் என்ற தறிய வெச்சு எண்ணுனேன். அது காலுல இருக்குது."

குதிகாலால் மேடைப் பலகையில் இடித்துக் காட்டினேன். தறி ஓட்டம் அது. பதினெட்டு வருசம் நின்ற கால்.

அந்தக் கம்பெனியில் நான் அதிகம் பேசியது அன்றுதான்.

மேனேஜர் கிட்டே வந்தார். "ஏனுங்க, அப்ப இத்தன நாளா நான் உங்ககிட்டப் பேசுனதெல்லாம்?"

"பாதிக்கு வாயப் பாத்தேனுங்க. மீதிக்குத் தலையாட்டினேன்."

செல்வராசு சிரித்துவிட்டார். சபிதா சிரித்தாள். மேனேஜர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். எதிரே நின்றார். ஒவ்வொரு சொல்லாக, வாய் தெரியும்படி, எத்தனை பெட்டி மிச்சம் என்று கேட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இது பின்னால்.

அப்போது அக்கா குனிந்து மேடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடிக்க இடிக்க உள்ளங்கையை அங்கங்கே வைத்துப் பார்த்தார். மேடையின் மறுகோடிக்குப் போனார். அங்கேயும் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"பூராவும் மரப் பலகை. வருது. எல்லாரும் செருப்பக் கழட்டுங்க."

யாருக்கும் புரியவில்லை.

"காதுல கேட்டது போதும். கால்ல கேளுங்க. மங்கலத்தாரு காலு நிக்காது. இனிமேல் அவருதான் நிட்டிங் மிசினு. கண்ணு, அந்தம்மாகிட்ட ஒரு மணி நேரம் கேளுங்க. குடுக்கலைன்னா நான் வந்து கேக்கறன்."

அவர் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் செருப்பைக் கழற்றியிருந்தார்.

மேசைகளைக் கம்பெனியில் கிடந்தது போலவே ஒட்டிப் போடச் சொன்னார் அக்கா. ஒரு மணி நேரத்தில் மூன்று முறை வாசித்தோம். மூன்று முறையும் இரண்டு தட்டு. ஆனால் யாரும் ஓடவில்லை. ஓட விடவில்லை என் கால்.

சாயந்திரம் அரங்கம் நிரம்பியது. ஓனர் வந்திருந்தார். கொட்டடிக்கப் படிச்சவன் என்று சிரித்த சொந்தக்காரர்கள் அவர் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியும் மகளும் நான்காம் வரிசை. சபிதாவின் வீட்டுக்காரன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதற்குள் ஒரு கிழவி முகம்.

ஒன்பது பேரும் வெறுங்காலோடு மேடை ஏறினோம். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பல் தெரிந்தது.

நான் ஆரம்பித்தேன். குதிகால் மட்டும். கீழே இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. மேடையில் எட்டுப் பேர் தோள் மெல்ல அசைந்தது. வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அக்காவின் கத்தரி. பிறகு செல்வராசுவின் ஸ்கேல் மேசையில் விழுந்தது. என் இடுப்பு வரைக்கும் வந்தது. கோன்கள். பட்டன் டப்பாவைச் சபிதா காதுக்கு மேலே தூக்கி ஆட்டினாள். கம்பெனியில் தலை நிமிராதவள் அவள். பேக்கிங் பசங்கள் டேப்பை ஒரே இழுப்பாக இழுத்தார்கள். முன் வரிசையில் ஒருவர் துள்ளி உட்கார்ந்தார். பேரல் வந்ததும் நெஞ்சுக்குள் ஆள் நடப்பது போல இருந்தது. நான் முதல் ஆவியை விட்டேன். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக எழும்பிப் போனது. நாற்காலிகளில் தலைகள் எல்லாம் அதோடு சேர்ந்து நிமிர்ந்தன.

எட்டுப் பேர் எட்டு விதமாக அடித்தார்கள். ஒன்றும் ஒன்றோடு இடிக்கவில்லை. மாதக் கடைசியில் லோடு ஏறும் நாளில் கம்பெனி இப்படித்தான் ஓடும். பயமில்லாமல் அப்படி ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஷிப்ட் முடிந்தது. செல்வராசு ஸ்கேலை வைத்தார். கோன்கள் நின்றன. சபிதா டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள். பேரல் நின்றது. பேக்கிங் நின்றது. அக்கா கத்தரியை வைத்தார். என் கால் மட்டும் ஓடியது. ஷீட்டில் இன்னும் எட்டுக் கட்டம். எண்ணினேன். ஆவியை விட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். காலை நிறுத்தினேன்.

ஆவி மேலே போய்க் கரைந்தது.

பிறகு எல்லோரும் எழுந்தார்கள். எழுந்து கை தட்டினார்கள். சத்தம் எனக்குக் கொஞ்சம் கேட்டது. மீதியைப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஓனர் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மேடை ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

நான் கையை மேசையில் ஊன்றியிருந்தேன். அக்கா பக்கம் திரும்பவில்லை. ஷீட்டில் என் ஆவிக்குப் பிறகு யாருக்கும் ஒரு கட்டமும் கிடையாது. அவர் கத்தரியை வைத்தாயிற்று.

மறுபடி எடுத்தார். நான் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வந்தது.

ஒரு தட்டு.

இன்னொன்று வருகிறதா என்று கையை எடுக்காமல் நின்றேன். வரவில்லை.